லெட்ரோசோலுக்கு லீவு கிடையாது

போன வாரம் மறுபடியும் அதே கதை. முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு பால்போசிக்ளிப், லெட்ரோசோல் இரண்டும் எடுக்கும் ஓர் அம்மாவின் மகன் மருந்து வாங்க வந்தார். பால்போசிக்ளிப் மட்டும் கேட்டார். லெட்ரோசோல் வேண்டாமா என்றேன்.

"அது போன தடவை வாங்கினதே நிறைய இருக்கு மேடம். பெரிய மாத்திரைக்கு லீவு விடுற வாரத்துல அதையும் நிறுத்திடுவோம். மூட்டு வலிக்குதுன்னு அம்மா அப்பப்ப விட்டுடுவாங்க. ஆனா பெரிய மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்ல."

இதைப் பெருமையாக வேறு சொன்னார்.

புற்றுநோய்ப் பிரிவு மருந்தகத்தில் நிற்கும் எனக்கு இது அலுத்துப்போன வசனம். விலை கூடியதுதான் மருந்து, மலிவானது ஏதோ சத்து மாத்திரை என்று எப்படித்தான் முடிவு செய்கிறார்களோ! 2023-இல் காப்புரிமை முடிந்து இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகள் வந்தபிறகு பால்போசிக்ளிப்பின் விலை நன்றாக இறங்கிவிட்டது. விலையை வைத்துத்தான் வீரியம் என்றால் அதன் வீரியமும் இறங்கியிருக்க வேண்டுமே?

ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் புற்றுநோய்க்கான கூட்டு மருந்து இது. லெட்ரோசோல் அந்த ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே அடக்குகிறது. பால்போசிக்ளிப் செல்கள் பிரிவதைத் தடுக்கிறது. 2016-இல் வெளியான பலோமா-2 ஆய்வில், லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் வளராமல் இருந்த காலம் இடைநிலைக் கணக்கில் 14.5 மாதம், இரண்டும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 24.8 மாதம். பால்போசிக்ளிப் மட்டும் எடுத்த பிரிவு அந்த ஆய்வில் கிடையவே கிடையாது. ஆய்வில் யாரும் செய்து பார்க்காததை நீங்கள் வீட்டில் அம்மாவிடம் செய்து பார்க்கிறீர்கள்.

சரி, அந்த லீவு எதற்கு? பால்போசிக்ளிப் வெள்ளை அணுக்களைக் குறைக்கும். அவை தேறி வரத்தான் 21 நாள் எடுத்து 7 நாள் இடைவெளி. லெட்ரோசோல் வெள்ளை அணுக்களைத் தொடுவதில்லை, அதனால் அதற்கு லீவும் இல்லை. 28 நாளும் தினம் ஒன்று. மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு லெட்ரோசோல் வேலை செய்ய வேண்டுமானால் சினைப்பையை அடக்கும் ஊசியும் தவறக் கூடாது. "ஊருக்குப் போயிருந்தோம், அடுத்த மாசம் போட்டுக்கலாம்" என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

மூட்டு வலி உண்மைதான், நான் மறுக்கவில்லை. டாக்டரிடம் சொல்லுங்கள், வலிக்கு வழி இருக்கிறது, மாத்திரையை மாற்றவும் வழி இருக்கிறது. நீங்களே நிறுத்திவிட்டு ஸ்கேனில் நோய் கூடியிருந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அடுத்த சிகிச்சைக்குப் போய்விடுவோம்.

மாத்திரை போட்டபின் வாந்தி வந்தால் அன்றைக்கு இன்னொரு பால்போசிக்ளிப் போட வேண்டாம். ரத்தப் பரிசோதனை பார்க்காமல் அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டாம். வெள்ளை அணுக்களைக் குறைக்கும் மருந்து என்பதால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரி என்றாலும் கிளம்புங்கள்.

அப்புறம் படர்தாமரை. சிரிக்காதீர்கள். அதற்குச் சர்வசாதாரணமாகத் தரப்படும் இட்ராகோனசோல் மாத்திரை, ரத்தத்தில் பால்போசிக்ளிப்பின் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் இறக்கிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் "கேன்சர் மாத்திரை சாப்பிடுறாங்க" என்று மட்டும் சொல்லாமல் இரண்டு அட்டையையும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். சின்ன மாத்திரையின் அட்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.