வாழையில் அசுவினி: இலையை விடுங்கள், மட்டையை உரியுங்கள்

"பூச்சியே இல்லை சார், இலை இலையாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன்" என்றார், சிறுமலையில் விருப்பாட்சி வாழை வைத்திருக்கும் விவசாயி ஒருவர். அவர் சொன்னது பொய்யில்லை. கத்தரியிலும் பருத்தியிலும் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறுபூச்சியைப் பார்த்துப் பழகிய கை, தானாக இலையின் அடிப்பக்கத்துக்குத்தான் போகும். வாழை அசுவினி பதுங்கும் இடமோ வேறு.

அசுவினி கசியவிடும் இனிப்பு நீரைத் தேடி எறும்பு வரிசை தண்டின் அடிக்குப் போனது. அந்த இடத்தில் காய்ந்த மட்டையை உரித்தேன். மண்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் காயாத மடிப்பில், செம்பழுப்பும் கருப்புமாக ஒரு கும்பல். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இன்னும் விரியாத குருத்தின் இடுக்கிலும் சில இருந்தன.

லென்ஸ் வைத்தால் சந்தேகம் தீரும். பின்புறம் இரண்டு சிறு குழல்கள், உடல் நீளத்துக்கு உணர்கொம்புகள், இறக்கை முளைத்தவற்றில் கருமை படர்ந்த நரம்புகள். மாவுப்பூச்சிக்கு அந்தக் குழல்கள் கிடையாது. கும்பலுக்குள் கிடக்கும் வெள்ளைத் துகள்களைக் கண்டு மாவுப்பூச்சி என்று மருந்து வாங்கியவர்கள் உண்டு. அவை அசுவினி உரித்துப்போட்ட சட்டைகள்.

சாறு உறிஞ்சுவதால் வரும் நட்டம் அற்பம். முடிக்கொத்து நோயின் வைரஸைச் சுமப்பதால்தான் இதற்கு இவ்வளவு மரியாதை. இளவயதில் நோய் பிடித்த வாழை குலை தள்ளாது. சந்தேகப்படும் இலையின் காம்பில் வெண்பூச்சைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்: தந்திக் குறிப்பு மாதிரி கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தெரியும். புதிய இலைகள் குறுகி, உச்சியில் நெருங்கி நிமிர்ந்து நிற்கும்.

அந்தத் தோட்டத்தில் அப்படி ஆறு மரங்கள். இரண்டை முதல் நாளே வெட்டிச் சாய்த்திருந்தார். எனக்குக் கோபம் வந்ததே அங்கேதான். மருந்தடித்து அசுவினியைக் கொல்லாமல் மரத்தை வெட்டினால், அது பக்கத்து வாழைக்குக் குடிபெயரும். முதலில் மருந்து, பிறகு கிழங்கோடும் பக்கக்கன்றுகளோடும் தோண்டி அழிப்பது. இந்த வரிசை மாறக்கூடாது.

இந்நோய் 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளப் பகுதிக்குக் கன்றுகளோடு வந்ததாகச் சொல்வார்கள். கிளம்பும்போது கொட்டகை நிழலில் இருபது கன்றுகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். மச்சான் கேட்டிருக்கிறாராம். ஒன்றின் வெளிமட்டையை விலக்கினேன். மூன்று அசுவினிகள். அவர் எதுவும் பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.