பினாங்குச் சட்டமன்ற மசோதாக்களைப் பின்தொடர்வது எப்படி?

பினாங்குச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது என்ற செய்தி நாளிதழில் வந்த மறுநாளே, அந்தச் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வோர் நம்மிடையே பலர். கோயில் நிர்வாகக் கூட்டங்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் அந்த எண்ணத்தை நம்பி முடிவுகள்கூட எடுக்கப்படுகின்றன. மசோதா தாக்கல் செய்யப்படும் நாள், அது நிறைவேறும் நாள், ஆளுநர் ஒப்புதல் அளிக்கும் நாள், அரசிதழில் வெளிவரும் நாள், நடப்புக்கு வரும் நாள் ஆகிய ஐந்தும் வெவ்வேறு நாள்களாக இருக்கலாம். அவற்றுள் பொதுமக்களைக் கட்டுப்படுத்துவது கடைசி நாள்தான். கருத்துச் சொல்ல வாய்ப்பு இருப்பதோ முதல் இரண்டு நாள்களுக்கு இடையில் மட்டுமே. ஆகவே ஒரு மசோதாவைப் பின்தொடர விரும்புவோர், பத்திரிகைகள் வழக்கமாக எழுதத் தொடங்குவதற்கு முன்பே தொடங்கி, அவை எழுதி முடித்த பிறகும் சிறிது காலம் அதைக் கவனித்துவர வேண்டியிருக்கிறது.

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, நம் கவலைக்குரிய விவகாரம் மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதானா என்பது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களைக் கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரித்திருக்கிறது. நிலம், விவசாயம், காடு, ஊராட்சி, மாநில அரசின் நிர்வாக அமைப்பு, மாநில விடுமுறைகள், சந்தைகள், இடுகாடு மற்றும் சுடுகாடு, நூலகம், அருங்காட்சியகம் போன்றவை மாநிலப் பட்டியலில் உள்ளன. கல்வி, குடியுரிமை, காவல்துறை, தொழிலாளர் நலம் ஆகியவை கூட்டரசுக்கு உரியவை. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை என்றால் அதற்கு வழி காண வேண்டியது நாடாளுமன்றமும் கல்வி அமைச்சும். அதே பள்ளிக்கு நிலம் ஒதுக்குவதும் மாநில நிதியிலிருந்து மானியம் தருவதும் மாநில அரசு. இந்த வேறுபாடு தெரியாமல் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியதை நாடாளுமன்ற உறுப்பினரிடமும், அவரிடம் கேட்க வேண்டியதை இவரிடமும் கேட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

பட்டியலில் மாநிலத்துக்கு உரியதென்று எழுதியிருப்பதாலேயே மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா வரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. மாநிலங்களுக்கு இடையே ஒரே சீரான சட்டம் இருக்க வேண்டுமென்ற காரணத்துக்காக நிலம், ஊராட்சி ஆகிய துறைகளிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற அரசமைப்பின் 76ஆவது பிரிவு இடமளிக்கிறது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டமும், 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமும், அதே ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றியவை. தண்ணீரின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கலானது: 2005இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, தீபகற்ப மலேசியாவில் நீர் விநியோகம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதன் பின் வந்த 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டமும் நாடாளுமன்றத்தின் சட்டமே. தண்ணீர்க் கட்டணம் உயரும்போதெல்லாம் சட்டமன்றத்தில் மசோதா எங்கே என்று தேடுபவர்கள் அதை அங்கே காணாததற்கு இதுவே காரணம்.

மாநிலத்துக்கு உரிய விவகாரம்தான் என்று உறுதியானால், அடுத்துப் பார்க்க வேண்டியது சட்டமன்றக் கூட்ட நாள். ஜோர்ஜ்டவுன் லைட் ஸ்திரீட்டில் உள்ள கட்டடத்தில் கூடும் பினாங்குச் சட்டமன்றத்தில் 40 தொகுதிகளின் உறுப்பினர்கள் அமர்கிறார்கள். ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதங்களுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது விதி. நாடாளுமன்றம் போல் ஆண்டின் பல மாதங்கள் அமர்வதில்லை. ஆண்டின் நடுவிலும், வரவுசெலவுத் திட்டத்துக்காக ஆண்டின் கடைசிப் பகுதியிலுமாகச் சில நாள்களே அவை கூடுகிறது. அந்தச் சில நாள்களுக்குள் ஒரு மசோதாவின் மூன்று வாசிப்புகளும் முடிந்துவிடுவது சாதாரணம். தாக்கலான செய்தியைப் படித்து, சங்கத்தைக் கூட்டி, மகஜர் எழுதி முடிப்பதற்குள் மசோதா நிறைவேறியிருக்கும். எனவே கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்ட உடனேயே, அதில் எந்தெந்த மசோதாக்கள் வரவிருக்கின்றன என்று உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கேட்டுவிடுவது நல்லது. மசோதாவின் நகல் உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. அதைப் பார்க்க விரும்புவதாகக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் அவையில் எடுத்துக்கொள்ளப்படும் அலுவல்களின் பட்டியலை மலாயில் ‘அத்துரான் உருசான் மெஷுவாரட்’ என்பார்கள். எந்த மசோதா எந்த நிலையில் நிற்கிறது என்பதை அதில்தான் காணலாம்.

மசோதாவைக் கையில் வாங்கியதும் பலர் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி, இரண்டாம் பக்கத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பதே சரியான வழி என்பது என் கருத்து. அங்கே ‘ஹுராயான்’ என்ற தலைப்பில், ஒவ்வொரு பிரிவும் எதற்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று ஓரிரு வரிகளில் விளக்கம் இருக்கும். அதற்குக் கீழே ‘இம்ப்லிகாசி கெவாங்கான்’ என்ற சிறு பத்தி, இந்த மசோதாவால் அரசுக்குக் கூடுதல் செலவு ஏற்படுமா இல்லையா என்று சொல்லும். மேடையில் பெரிய திட்டமென்று அறிவிக்கப்பட்ட ஒன்றின் மசோதாவில் கூடுதல் செலவு ஏதும் இல்லையென்று எழுதியிருந்தால், அந்தத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்க அந்த ஒரு வரி போதும். பிறகு முதல் பிரிவுக்குத் திரும்ப வேண்டும். சட்டத்தின் பெயரும், அது எந்த நாளில் நடப்புக்கு வரும் என்பதும் அங்கேதான் இருக்கும். பல மசோதாக்களில் நாள் எதுவும் குறிப்பிடப்படாமல், அரசிதழ் அறிவிப்பின் மூலம் பின்னர் நிர்ணயிக்கப்படும் நாளில் நடப்புக்கு வரும் என்று மட்டுமே இருக்கும். இந்த வரியைக் கண்டால், காத்திருப்பு நீளக்கூடும் என்று குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பெயருக்குப் பின் ‘பிண்டான்’ என்ற சொல் இருந்தால் அது திருத்த மசோதா. இன்ன பிரிவில் இன்ன சொல்லை நீக்கி இன்ன சொல்லைச் சேர்க்க வேண்டும் என்ற வகையிலேயே அது எழுதப்பட்டிருக்கும் என்பதால், மூலச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் படித்தால் ஒன்றும் விளங்காது. ‘ஐந்நூறு’ என்பதற்குப் பதில் ‘ஐயாயிரம்’ என்று ஒரே ஒரு சொல் மாறுவதாகக் காட்டும் வரி, மூலச் சட்டத்தில் அபராதத் தொகையைக் குறிப்பதாக இருக்கலாம்.

அவையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதல் வாசிப்பு வெறும் சம்பிரதாயம். மசோதாவின் பெயர் மட்டுமே வாசிக்கப்படும். இரண்டாம் வாசிப்பில் அதன் நோக்கம் விவாதிக்கப்படும். அடுத்து அவை முழுவதும் ஒரு குழுவாக அமர்ந்து பிரிவு பிரிவாகப் பரிசீலிக்கும். திருத்தம் செய்ய முடிவது அப்போதுதான். மூன்றாம் வாசிப்புடன் மசோதா நிறைவேறுகிறது. சாதாரண மசோதாவுக்கு வாக்களிப்போரில் பெரும்பான்மை போதும். மாநில அரசமைப்பைத் திருத்தும் மசோதாவுக்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு, அதாவது பினாங்கில் 27 வாக்குகள், தேவை. மாநில நிதியிலிருந்து செலவை ஏற்படுத்தும் மசோதாவை ஆட்சிக்குழு உறுப்பினர் மட்டுமே கொண்டுவர முடியும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மானியத் திட்டமொன்றைச் சட்டமாக்கப்போவதாக உறுதியளித்தால், இந்த விதியை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும். ‘உசுல்’ எனப்படும் தீர்மானத்தையும் மசோதாவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தீர்மானம் நிறைவேறுவதால் புதிய சட்டம் பிறப்பதில்லை.

நிறைவேறிய மசோதா ஆளுநரிடம் அனுப்பப்படும். கூட்டரசு அரசமைப்பின் எட்டாவது அட்டவணையின்படி, மசோதா அவரிடம் சமர்ப்பிக்கப்பட்ட 30 நாள்களுக்குள் ஒப்புதல் அளிக்கப்பட வேண்டும். அளிக்கப்படாவிட்டால், அந்தக் கெடு முடிந்ததும் ஒப்புதல் பெற்றதைப் போலவே அது சட்டமாகிவிடும். ஆனால் ‘வார்த்தா’ எனப்படும் அரசிதழில் வெளியிடப்படாத வரை எந்தச் சட்டமும் நடப்புக்கு வராது. நடைமுறையில் தாமதம் அதிகம் நிகழும் இடமும் இதுதான்.

இதற்குப் பினாங்கிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. தகவல் சுதந்திரச் சட்டத்தின் பெயரில் 2010 என்ற ஆண்டு இருக்கிறது. சட்டமன்றம் அதை நிறைவேற்றியது 2011இல். அது நடப்புக்கு வந்ததோ 2015இல். பெயரில் உள்ள ஆண்டை நம்பி 2010 முதலே தமக்கு அந்த உரிமை இருந்ததாகக் கொள்பவரும், நிறைவேறிய செய்தியை நம்பி 2012இல் ஓர் அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுபவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். மாநில அரசுத் துறைகளின் ஆவணங்களைக் கேட்டுப் பெற வழி செய்யும் சட்டம் என்பதால், மசோதாக்களையும் திட்டங்களையும் தொடர்ந்து கவனிப்போர் இன்று அதையே பயன்படுத்தவும் முடியும் என்பது கூடுதல் பயன்.

நடப்புக்கு வந்த சட்டமும் நிலைக்கும் என்று சொல்லிவிட முடியாது. பினாங்குத் தீவுக்கும் செபெராங் பிறைக்கும் ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரும் நோக்கத்தில் 2012இல் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஊராட்சித் தேர்தல் பற்றிய விதிகளை 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் ஏற்கெனவே முடிவுக்குக் கொண்டுவந்திருந்தது. கூட்டரசுச் சட்டத்துக்கு முரணான அளவில் மாநிலச் சட்டம் செல்லாது என்கிறது அரசமைப்பின் 75ஆவது பிரிவு. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மாநில அரசின் வாதத்தை ஏற்கவில்லை, தேர்தலும் நடக்கவில்லை. அதே 2012இல் கட்சி தாவும் உறுப்பினர் பதவியைக் காலி செய்ய வேண்டும் என்று மாநில அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 14ஏ பிரிவுக்கு நேர்மாறான முடிவு வாய்த்தது. கிளந்தானின் அத்தகைய விதியை நீதிமன்றம் 1992இல் நிராகரித்திருந்ததால், பினாங்கின் பிரிவும் நிற்காது என்றே பலர் கருதினார்கள். 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவின்படி 2023 மார்ச்சில் சட்டமன்றத்தில் நான்கு இடங்கள் காலியானதாக அறிவிக்கப்பட்டன. ஒரு மசோதா சர்ச்சைக்குரியதாக இருந்தால், அரசிதழுக்குப் பிறகு நீதிமன்றச் செய்திகளையும் கவனிக்க வேண்டியதற்கு இவ்விரண்டும் சான்று.

அவையில் யார் என்ன பேசினார் என்பதை ‘பெனியாத்தா ரஸ்மி’ எனப்படும் அதிகாரபூர்வ அறிக்கையில் படிக்கலாம். சட்டமன்றத்தின் இணையத்தளத்தில் இந்த அறிக்கைகள் கிடைக்கின்றன. மாநில அரசின் புலெத்தின் முத்தியாரா இதழுக்குத் தமிழ்ப் பகுதியும் உண்டு. சட்டமன்ற நடப்புகளை எளிய தமிழில் தெரிந்துகொள்ள அது உதவும் என்றாலும், அது அரசு வெளியிடும் இதழ் என்பதால் எதிர்ப்புக் குரல்களை அறிய அதிகாரபூர்வ அறிக்கையையே நாட வேண்டும். கூட்டரசுச் சட்டங்களும் கூட்டரசு அரசிதழும் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் அளவுக்கு மாநில அரசிதழ் எளிதில் கிடைப்பதில்லை என்பது குறைதான். மாநிலச் சட்டத்தின் அச்சுப் பிரதி தேவைப்படுவோர் அரசு வெளியீடுகளை அச்சிடும் பெர்செத்தாக்கான் நாசியோனல் நிறுவனத்தில் வாங்கலாம். வாங்கும்போது சட்டத்தின் பெயரோடு அரசிதழ் எண்ணும் தேதியும் தெரிந்திருந்தால் தேடுவது எளிது.

கடைசியாக, நம் வியாபாரிகளையும் கோயில்களையும் அன்றாடம் தொடும் விதிகளில் பெரும்பாலானவை மசோதாவாக வருவதே இல்லை. அங்காடிக் கடை உரிமம் போன்றவற்றுக்கான துணைவிதிகளைப் பினாங்குத் தீவு மாநகர் மன்றமும் செபெராங் பிறை மாநகர் மன்றமும் இயற்றுகின்றன. ‘உண்டாங்-உண்டாங் கெச்சில்’ எனப்படும் அவை மாநில அரசின் உறுதிப்பாட்டைப் பெற்று அரசிதழில் வெளிவந்தால் போதும், சட்டமன்றத்தில் அவற்றுக்கு மூன்று வாசிப்புகள் கிடையாது. கோயிலுக்கோ மயானத்துக்கோ நிலம் ஒதுக்குவதும், ஒதுக்கிய நிலத்தை மீட்பதும் ஆட்சிக்குழுவின் முடிவுகள். அவற்றைச் சட்டமன்ற அலுவல் பட்டியலில் தேடினால் கிடைக்காது. மாவட்ட நில அலுவலகத்தில் விண்ணப்பக் கோப்பின் எண்ணைச் சொல்லி நிலவரத்தைக் கேட்பதும், அடுத்த கூட்டத்தொடரில் அதைக் கேள்வியாக எழுப்பும்படி சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்துமூலம் கோருவதுமே அங்கு உள்ள வழிகள். கேள்விகளுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டம் தொடங்கிய பிறகு கொண்டுபோய்க் கொடுக்கும் கடிதம் அந்தத் தொடருக்குப் பயன்படாது.