30,000 ரூபாய் மசாஜ் கன்: காசு எங்கே போகிறது?

"வெள்ளியங்கிரி மலை ஏறி இறங்குனதுல தொடை ரெண்டும் பிடிச்சுக்கிட்டு படி இறங்க முடியலீங்க. பையன் 30,000 ரூபாய்க்கு ஒரு மசாஜ் கன் பார்த்து வச்சிருக்கான். 2,500க்கும் கிடைக்குது. எதுங்க வாங்கறது?" என்று அவிநாசி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மசாஜ் கன் என்பது சதையைப் படபடவென்று குத்திப் பிடித்துவிடும் கைக்கருவி.

முதலில் வலி. ஏறும்போது மூச்சுதான் வாங்கும்; மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால். இறங்கும் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்சதை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. நார்களில் நுண்ணிய சேதம், 1 முதல் 3 நாளில் வலி உச்சம், பிறகு தானாகவே அடங்கும். லாக்டிக் அமிலம் தேங்கி வலிக்கிறது என்பது பழைய கதை. அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். "நச்சு நீக்கும்" என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி கருவி. உள்ளே ஒரு மோட்டார். அதன் மையத்திலிருந்து சற்று விலகி ஒரு முளை. அதில் மாட்டிய தண்டு, மோட்டார் சுற்றச் சுற்ற முன்னும் பின்னும் போய்வரும். தண்டின் நுனியில் இருக்கும் தலைதான் சதையைக் குத்துவது. திருப்பூர் பனியன் கம்பெனித் தையல் மெஷினில் ஊசி ஏறி இறங்குவதும் இதே ஏற்பாடுதான். முளை 8 மி.மீ. விலகியிருந்தால் தலை 16 மி.மீ. போய்வரும். தெராகன் போன்ற உயர்விலை மாடல்கள் பெருமை பேசுவது இந்த 16ஐ வைத்துத்தான்.

விலகலைக் கூட்டினால் போதாதா? அங்கேதான் சிக்கல். விலகல் இரட்டித்தால், அதே அழுத்தத்தைத் தாங்க மோட்டாருக்கு இரண்டு மடங்கு டார்க், அதாவது சுழற்றும் வலு, வேண்டும். வலுவான காந்தம், பெரிய பேட்டரி என்று செலவு ஏறும். அதில் மிச்சம் பிடித்தால், சதையில் அழுத்தியதும் மோட்டார் திணறி நின்றுவிடும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். நிமிடத்துக்கு 2,400 குத்து என்றால் நொடிக்கு 40. ஒவ்வொரு முறையும் தலை முனைக்குப் போய், நின்று, திரும்ப வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தத் திருப்பத்தில் முடுக்கம் புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ 50 மடங்கு! தலையும் தண்டும் சேர்ந்து வெறும் 100 கிராம் என்றாலும், 5 கிலோ எடைக்குச் சமமான விசை நொடிக்கு 80 தடவை திசை மாறி உலுக்கும். பிடித்திருக்கும் கைக்கும் அது வரும். அதனால் முளைக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடை வைக்கிறார்கள். ஆனால் தலை நேர்கோட்டில் போகிறது, எதிரெடையோ வட்டமடிக்கிறது. முன்பின் ஆட்டத்தை அது அடக்கினால் பக்கவாட்டில் புதிதாக ஒரு ஆட்டம் முளைக்கும். முழுசாகச் சமன் செய்ய ஒற்றை எடையால் முடியவே முடியாது; எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன். கோவையில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் சொக்கிப்போவார்கள். காசு போகுமிடம் இதுதான்.

சரி, இதெல்லாம் தொடைக்குத் தெரியுமா? ஓரளவுக்குத்தான். அதிர்வு உணர்வு தண்டுவடத்தில் வலிச் செய்தியை முந்திக்கொண்டு அதை மட்டுப்படுத்தும் என்பது மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் சொன்ன 'கதவு' கோட்பாட்டின் சாரம். இந்த ஆறுதலுக்கு 16 மி.மீ. கட்டாயமில்லை. 2020இல் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகக் குழு, 16 ஆண்களின் கெண்டைக்கால் சதையில் 5 நிமிடம் கருவியை ஓட்டிப் பார்த்தது. கணுக்கால் மடங்கும் கோணம் 5 பாகைக்குச் சற்று மேல் கூடியது. தசை பலம் கூடவுமில்லை, குறையவுமில்லை. சோமனூரில் தறி ஓட்டுகிறவர்களின் தோள்பட்டையை வைத்து இப்படியொரு ஆய்வுக்கு யாராவது நிதி ஒதுக்கினால், என் வரிப்பணம் உருப்படியாகப் போனது என்பேன்.

ஆக, நாளெல்லாம் பத்துப் பேருக்குப் பிடித்துவிடும் பிசியோதெரபிஸ்ட் 30,000 கொடுக்கலாம். வருசத்துக்கு ஒருமுறை மலையேறுகிறவருக்கு வேண்டியதில்லைங்க. பிரஷ்லெஸ் (உள்ளே கார்பன் பிரஷ் உரசாத) மோட்டார், 10 மி.மீ.க்குக் குறையாத வீச்சு (தலை போய்வரும் தூரம்) இருந்தால் போதும். கடையில் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுத் தொடையில் நன்றாக அழுத்துங்கள். சத்தம் தாழ்ந்து திணறினால் வேறு மாடல் கேளுங்கள்.

ஒரு இடத்தில் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கழுத்தின் முன்பக்கம், எலும்பு, வெரிகோஸ் நரம்பு (புடைத்துச் சுருண்ட ரத்தக்குழாய்) எதன் மேலும் வைக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். மலை இறங்கியபின் சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், கருவியை வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.