ஸ்லாஷிங்: பிணைவெட்டு

சில கிரிப்டோ பணங்களில் கணக்கைச் சரிபார்ப்போர் முன்கூட்டியே பிணைப் பணம் கட்டுகிறார்கள். முரணாகக் கையெழுத்திட்டு மாட்டினால் அந்தப் பிணையை வெட்டுவதே ‘ஸ்லாஷிங்’. தமிழில் கிரிப்டோ பற்றி எழுதுவோர் பலர் இதை ‘அபராதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது எனக்குப் போதவில்லை. அபராதம் என்பது தப்புச் செய்த பிறகு நாம் எடுத்துக் கட்டுவது. இங்கே பணம் முன்பே கட்டியாயிற்று. அதில்தான் கத்தி விழுகிறது.

ஸ்லாஷ் என்றால் வீசி வெட்டுதல். ‘உடைத்தல்’ என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதுவர். விலைக்குறைப்பு, சம்பளக்குறைப்புக்கும் ஆங்கிலத்தில் இதே சொல் வழங்குகிறது. எதீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின் 2014 ஜனவரியில் முன்வைத்த இத்தகைய ஒரு முறைக்கு ‘ஸ்லாஷர்’ என்று பெயர்.

வெட்டு எதற்கு? 2013 மார்ச்சில் மென்பொருளின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒத்துப்போகாமல் பிட்காயினின் கணக்கேடான சங்கிலி (பிளாக்செயின்) இரண்டாகப் பிரிந்தது. சில மணி நேரத்தில் ஒரு கிளை கைவிடப்பட்டது. அந்தக் கிளையில் கணக்கைச் சேர்க்கக் கணினிகள் எரித்த மின்சாரமும் வீண். இப்படிக் கைக்காசு போகும் என்பதால், பிட்காயினில் யாரும் இரண்டு கிளையிலும் கால்வைக்கத் தயங்குவார்கள். ஆனால் பிணை வைத்து, எந்தக் கிளை சரி என்று கையெழுத்திட்டு ஓட்டுப்போடும் முறையில் இரண்டு பக்கமும் கையெழுத்திடச் செலவே இல்லை. ஆகவேதான் பிணைக்கே ஆபத்து வைத்தார்கள்.

எதீரியத்தில் சரிபார்ப்பாளர் ஆக அதன் நாணயமான ஈதரில் 32-ஆவது பிணையாகக் கட்ட வேண்டும். ஒரு சங்கிலி உறுதியாக, மொத்தப் பிணையில் மூன்றில் இரண்டு பங்கின் ஓட்டு தேவை. முரண்பட்ட இரண்டு சங்கிலிகளும் உறுதியாகிவிட்டன என்றால், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இரண்டுக்கும் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். அவர்களுடைய கையெழுத்தே சாட்சி, வேறு விசாரணை வேண்டாம். இந்தக் கணக்கின் அழகுக்காகவே இச்சொல்லை நல்ல தமிழில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மாட்டுவோரில் பலர் கள்ளர்களும் அல்லர். ஒரு சரிபார்ப்பாளரின் வீட்டில் மின்சாரம் போகிறது. கையெழுத்திடும் அதே ரகசியச் சாவியுடன் வேறிடத்தில் வேறொரு கணினியை ஓடவிடுகிறார். மின்சாரம் திரும்பியதும் பழையதும் தானாக எழுந்து கையெழுத்திடுகிறது. முடிந்தது. தனியாக மாட்டினால் முதல் வெட்டு சிறியது: முன்பு பிணையில் 32-இல் ஒரு பங்கு, 2025 மே முதல் 4096-இல் ஒரு பங்கு. அதோடு வெளியேற்றமும் உண்டு. மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து மாட்டினால் முழுப் பிணையும் போகும்.

‘தண்டம்’ பொருந்தும்தான், ஆனால் இன்று பேச்சில் அது வீண் என்றாகிவிட்டது. ‘பறிமுதல்’ என்றால் பறித்ததை ஒருவர் வைத்துக்கொள்வார். இங்கே வெட்டிய ஈதர் யார் கைக்கும் போகாமல் அழிந்துவிடுகிறது. மின்வெட்டு, சம்பளவெட்டு என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதே அச்சில் ‘பிணைவெட்டு’ என்பேன். ‘அவர் பிணை வெட்டுப்பட்டது’ என்று வினையாகவும் நன்றாக ஓடுகிறது. கணினி அணைந்து கிடந்ததற்காகக் குறையும் சில்லறைத் தொகைக்கு மட்டும் இச்சொல்லை இழுக்கக் கூடாது. அதற்கு ‘பிடித்தம்’ இருக்கிறது.