விழுந்துகொண்டே இருக்கும் விண்மீன்கள்

ஹெர்குலிஸ் என்ற விண்மீன் குழாமின் திசையில் உள்ள எம்13 என்ற விண்மீன் கொத்தைச் சிறிய தொலைநோக்கியில் முதன்முறை பார்ப்பவருக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். கண்ணாடியில் மூச்சு விட்டால் படரும் ஆவியைப் போல ஒரு மங்கல், அவ்வளவுதான். நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால், ஓரங்களில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் பிரியத் தொடங்கும். 1714-இல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி கண்டதும் ஒரு சிறு ஒளித்திட்டைத்தான். உண்மையில் அது 20,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உருண்டு திரண்டிருக்கும் பல லட்சம் விண்மீன்களின் கூட்டம். பெயர், கோளகக் கொத்து.

இத்தனையும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்றால், எல்லாம் நடுவில் போய் விழ வேண்டியதுதானே? விழத்தான் செய்கின்றன. ஆனால் அங்கே மோதி நிற்கத் தரை இல்லை. விழுந்த வேகத்திலேயே மையத்தைக் கடந்து மறுபக்கம் ஏறி, வேகம் குறைந்து, மீண்டும் விழுகின்றன. ஒருமுறை போய்வர லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். இடைவெளி அவ்வளவு அதிகம் என்பதால் நேருக்கு நேர் மோதல் அபூர்வம்.

மோதாவிட்டாலும் உரசல் உண்டு. அருகே கடந்து போகும்போது கனமான விண்மீன் தன் வேகத்தில் கொஞ்சத்தை இலேசானதிடம் இழக்கிறது. கனமானவை மெல்ல மையத்துக்கு இறங்குகின்றன. இலேசானவை வெளியே விலகி, சில கொத்தை விட்டே ஓடிவிடுகின்றன. எனக்கு வியப்பு இதற்கு அடுத்த கட்டம்தான். ஆற்றலை இழந்த மையம் ‘ஆறி’ அடங்குவதில்லை. சுருங்குகிறது, சுருங்கியதால் உள்ளே உள்ளவை முன்னிலும் வேகமாக ஓடுகின்றன. இழக்க இழக்கச் சூடேறும், அதாவது வேகம் கூடும் பொருள்! எம்15 என்ற இன்னொரு கொத்தின் மையம் இப்படிச் சுருங்கி மிக நெருக்கமாகிவிட்ட ஒன்று. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள் அவ்வழி வருபவற்றை உதைத்து வேகமூட்டுவதால்தான் இந்தச் சுருக்கம் ஒரு கட்டத்தில் நிற்கிறது.

இந்தக் கொத்துகளில் பெரும்பாலானவற்றின் வயது 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேல். பிரகாசமான நீல விண்மீன்கள் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடுபவை. அவை எப்போதோ மடிந்திருக்க வேண்டும். ஆனால் 1953-இல் வானியலாளர் ஆலன் சாண்டேஜ் எம்3 கொத்தில் அப்படிச் சிலவற்றைக் கண்டார். பக்கத்து விண்மீனின் வாயுவை உறிஞ்சியோ, இரண்டு ஒன்றாகக் கலந்தோ இளமை திரும்பியவை அவை. கனம் கூடியதால் அவையும் மையத்துக்கு இறங்கியாக வேண்டும். எவ்வளவு தூரம் இறங்கியிருக்கின்றன என்று பார்த்தே, அந்தக் கொத்து உள்ளுக்குள் எவ்வளவு தூரம் முதிர்ந்துவிட்டது என்று இப்போது கணிக்கிறார்கள்.