வங்கி மீது நஷ்ட ஈட்டு வழக்கு போட்டால் வீட்டு ஏலம் நிற்குமா?

நிற்காது. வழக்கு போட்டதாலேயே ஸ்டே வந்துவிடாது. கடன் மீட்பு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் மாதம் ஒருவராவது சிவில் கோர்ட் வழக்கு எண் எழுதிய சீட்டோடு வந்து, "கேஸ் நடக்குதுங்க, அது முடியற வரைக்கும் பேங்க் வீட்டுப் பக்கம் வர முடியாதுல்ல?" என்று கேட்கிறார்கள். அப்போது பெரும்பாலும் வீட்டுக் கதவில், வீட்டைக் கைப்பற்ற கோர்ட் நியமித்த அட்வகேட் கமிஷனரின் நோட்டீஸ் ஒட்டியாகியிருக்கும். எனக்குக் கோபம் அவர்கள் மேல் இல்லை. அப்படி நம்பவைத்து ஃபீஸ் வாங்கியவர்கள் மேல்தான்.

சமீபத்தில் வந்தவர் விசைத்தறி வைத்திருந்தவர். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். அனுமதித்த நடைமுறை மூலதனக் கடனில் பாதியைத்தான் வங்கி கொடுத்தது. மீதியை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. நூல் வாங்கப் பணமில்லை, ஆர்டர் போனது, தவணை நின்றது, கணக்கு வாராக் கடனானது. வங்கி தனக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று வழக்கு போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டார். அவருடைய குறை உண்மையானது, வழக்கில் அவர் ஜெயிக்கவும் கூடும். அதற்குள் வீடு போய்விடும் என்பதுதான் பிரச்சினை.

இவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு ஒன்றுதான். "நான் 25 லட்சம் தரணும், பேங்க் எனக்கு 30 லட்சம் தரணும். கழித்துப் பார்த்தால் பேங்க்தானே பாக்கி?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் இந்த இரண்டு தொகைகளையும் ஒரே தராசில் வைப்பதில்லை. உங்கள் 25 லட்சம் கடன். நீங்களே கையெழுத்துப் போட்டு, வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கியது. அந்த 30 லட்சம் நீங்கள் கேட்கும் தொகை மட்டுமே. தவறு நடந்ததா, அதனால் நஷ்டம் வந்ததா, எவ்வளவு வந்தது என்று நீதிமன்றம் சாட்சி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும்வரை அது கடன் ஆகாது. நஷ்ட ஈட்டுக் கோரிக்கை தீர்ப்புக்கு முன் கடனாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 1974லேயே சொல்லிவிட்டது. பிளைன்ட்டில், அதாவது வழக்கு மனுவில், 30 லட்சம் என்று போட்டாலும் 3 கோடி என்று போட்டாலும் அடமானம் அசையாது. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நான் பார்த்தவரை வீடு இழந்தவர்களில் பலர் இந்த ஒரு நம்பிக்கையில்தான் சும்மா இருந்துவிட்டார்கள்.

இன்னொன்று. வழக்கு போடாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் பிரிவு 34 சிவில் கோர்ட்டின் கையைக் கட்டிவைத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி வங்கி எடுக்கும் நடவடிக்கைக்கு சிவில் கோர்ட் தடை உத்தரவு போட முடியாது. 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில், வங்கியின் செயல் அப்பட்டமான மோசடியாக இருந்தால் மட்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு சிறு சந்து விட்டது. அன்றிலிருந்து பிளைன்ட்டில் பத்திக்குப் பத்தி "மோசடி" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. வார்த்தையைப் போட்டால் போதாது, எப்படி மோசடி என்று காட்ட வேண்டும். பெரும்பாலும் காட்ட முடிவதில்லை.

அப்படியானால் நஷ்ட ஈட்டு வழக்கே வீணா? இல்லை. வங்கி மீது கடனாளி தனியாக சிவில் வழக்கு நடத்தலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் மூன்று நீதிபதிகள் அமர்வில் தெளிவாக்கியிருக்கிறது. நடத்துங்கள். ஆனால் அது ஒரு ரயில், ஏலம் வேறு தண்டவாளத்தில் வரும் இன்னொரு ரயில். ஒன்றின் சங்கிலியை இழுத்தால் மற்றது நிற்காது.

ஏலத்தை நிறுத்தும் இடம் கடன் மீட்புத் தீர்ப்பாயம், அதாவது டி.ஆர்.டி. சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. வங்கி சுவாதீன நடவடிக்கை, அதாவது வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை, எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் சர்ஃபாசி சட்டத்தின் பிரிவு 17இல் மனு போட வேண்டும். கதவில் நோட்டீஸ் ஒட்டிக் காகிதத்தில் எடுக்கும் சுவாதீனமே இதற்குப் போதும், ஆளை வெளியேற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த மனுவுக்கு முன்பணம் கட்டவேண்டும் என்பதும் பழைய கதை. வங்கி கேட்கும் தொகையில் 75 சதவீதம் கட்டச் சொன்ன நிபந்தனையை 2004 மார்டியா தீர்ப்பே நீக்கிவிட்டது. மேல்முறையீட்டுக்குத்தான் 50 சதவீதம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மனது வைத்தால் 25 வரை குறையும்.

அங்கே எதைச் சொன்னால் ஸ்டே கிடைக்கும்? "வங்கியால் என் தொழில் அழிந்தது" என்பது மட்டும் போதாது. 60 நாளுக்குள் கடனைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ் முறையாக வரவில்லை, அதற்குப் பிரிவு 13(3ஏ)இன் கீழ் நான் கொடுத்த ஆட்சேபத்துக்கு 15 நாளில் பதில் இல்லை, சுவாதீன அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில் வரவில்லை, அவற்றில் ஒன்றுகூடத் தமிழ் நாளிதழ் இல்லை என்பது போன்ற நடைமுறைக் குறைகள் எடுபடும். அதைவிட முக்கியமானது கணக்கு. மானியம் வரவு வைக்கவில்லை, காப்பீட்டுப் பணம் வந்தும் கடனில் கழிக்கவில்லை, 90 நாள் நிலுவை ஆகும் முன்பே வாராக் கடன் என்று எழுதிவிட்டார்கள் என்பதெல்லாம் நஷ்ட ஈடே அல்ல. பாக்கித் தொகையே தவறு என்ற வாதம் அது. இப்படிப்பட்ட விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு "மன உளைச்சலுக்கு 10 லட்சம்" என்று வழக்கு எழுதுகிறவர்களை என்ன சொல்வது?

வங்கியின் நடவடிக்கையே சட்டப்படி இல்லை என்று முடிவானால் சொத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடும் செலவும் கொடுக்கவும் பிரிவு 19 வழி செய்கிறது. அதைத் தீர்ப்பாயத்திலேயே கேளுங்கள்.

ஸ்டே கிடைத்தாலும் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் வரும். இவ்வளவு ரூபாயை இந்தத் தேதிக்குள் கட்டு என்பார்கள். தேதி தவறினால் ஸ்டே தானாகப் போய்விடும் என்று உத்தரவிலேயே எழுதியிருக்கும். தயவுசெய்து அந்தக் கடைசிப் பத்தியைப் படியுங்கள். உத்தரவு வந்த சந்தோஷத்தில் படிக்காமல் விட்டு வீட்டைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. முழுத் தொகைக்கு வழியில்லை என்றால் தேதி முடிவதற்கு முன்பே அவகாசம் கேட்டு மனு போடுங்கள்.

ஹைகோர்ட்டில் நேரடியாக ரிட் மனு போட்டுவிடலாம் என்று கிளம்பாதீர்கள். டி.ஆர்.டி. இருக்கும்போது ரிட்டை ஏற்கக் கூடாது என்று 2010இலும் 2023இலும் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றங்களையே கடிந்திருக்கிறது. அதில் ஓடும் வாரங்கள் உங்கள் 45 நாளிலிருந்துதான் ஓடுகின்றன. முழுப் பணத்தையும் கட்டி மீட்பதற்கும் எல்லை இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே கட்டியாக வேண்டும். ஏல நாள் காலையில் டிராஃப்டோடு போய் நின்றால் உரிமையாகக் கேட்க முடியாது.

என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கியே தவணை தவறக் காரணமாக இருந்திருந்தால், அந்த நஷ்டம் தீர்மானமாகும்வரை குடியிருக்கும் வீட்டை விற்காமல் வைப்பதுதான் நியாயம். வங்கியால் பிறகு பணமாகக் கொடுத்துவிட முடியும், மூன்றாம் ஆளுக்கு விற்ற வீட்டைத் திருப்பித் தர முடியாது. தீர்ப்பாயங்களில் நான் இதை வாதாடிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் இன்றைக்கு இருக்கும் சட்டம் அப்படி இல்லை. அதை நம்பி வீட்டைப் பணயம் வைக்காதீர்கள்.

60 நாள் நோட்டீஸ் வந்த அன்றே வாருங்கள். வங்கி செய்த தவறு எதுவானாலும் தேதியோடு எழுதி, பதிவுத் தபாலில் ஆட்சேபம் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள், பட்டியல் இனத்தவர், வருமானம் குறைந்தவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.