செப்பனிடப் போவது யார்?

மொழிபெயர்க்க ஆசைப்பட்டு எங்கள் பதிப்பகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, பக்கத்துக்கு எவ்வளவு என்று. நியாயமான கேள்விதான். ஆனால் பிரதியைச் செப்பனிடப் போவது யார் என்று அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. அவர்களுக்கு நான் பின்லாந்தின் மொழிபெயர்ப்பாளர் கெர்ஸ்தி யுவாவைப் பற்றிச் சொல்வதுண்டு.

1948-ல் பிறந்தவர். டோல்கீனின் ஆங்கில நாவல் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ அவர் மொழிபெயர்ப்பில் ஃபின்னிய மொழியில் 1973-ல் வரத் தொடங்கியபோது அவருக்கு 25 வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ. முதல் பாகத்தில் அவர் பெயரோடு எய்லா பென்னனென் பெயரும் இருக்கிறது. பென்னனென் நாவலாசிரியர், விமர்சகர், மொழிபெயர்ப்பாளர். யுவாவுக்கு மொழிபெயர்ப்பு கற்றுக்கொடுத்தவரும் அவரே. 1975-ல் வந்த கடைசிப் பாகத்தில் யுவாவின் பெயர் மட்டும். நூலில் வரும் பாடல்களை மொழிபெயர்த்தவர் பானு பெக்கனென் என்ற இன்னொருவர். உரைநடை வருகிறவருக்குச் செய்யுளும் வந்தாக வேண்டுமா என்ன?

பென்னனென் போல அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரதியைப் பார்த்தால் என்ன நடக்கும்? நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். முதல் வாசிப்பில் மூலத்தைத் திறப்பதே இல்லை. வாய்விட்டுப் படித்து, நாக்கு இடறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அப்புறம்தான் மூலத்தோடு ஒப்பிடுவோம். கோடு விழுந்த வரிகளில் பெரும்பாலானவை அர்த்தப்பிழை அல்ல, மூலத்தின் வாக்கிய அமைப்பை அப்படியே இழுத்து வந்தவை. இதை எழுதியவரால் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. மூலம் அவர் காதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

யுவா பிறகு டோல்கீனின் இன்னொரு நாவலான ‘ஹாபிட்’டை 1985-ல் புதிதாக மொழிபெயர்த்தார், அதற்கு 1973-லேயே வேறொருவர் மொழிபெயர்ப்பு இருந்தது. ஸ்டெர்ன், டிக்கன்ஸ், ஆஸ்டென், ஷேக்ஸ்பியர் என்று போனார். 2008-ல் அரசு அவரைக் கலைப் பேராசிரியர் ஆக்கியது, கலைஞர்களுக்கு அங்கே தரும் பதவி அது. அந்தப் பதவி மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல்முறை. 2019-ல் தன் தொழிலைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்.

திறமை மட்டும் இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிடாது. நூலகங்களில் புத்தகம் இலவசமாகப் படிக்கப்படுவதற்கு ஈடாக எழுத்தாளர்களுக்கு உதவித்தொகை தரும் சட்டத்தை பின்லாந்து 1961-ல் கொண்டுவந்தது. அதில் மொழிபெயர்ப்பாளர்களையும் சேர்த்தார்கள். அடுத்த புத்தகத்துக்கு அவசரப்படாமல் உட்கார அது ஒரு பிடிமானம்.

நமக்கு அப்படியொன்று இல்லை, சரி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இதையாவது கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: செப்பனிட்ட பிரதி அச்சுக்குப் போகுமுன் உங்கள் பார்வைக்கு வர வேண்டும், முகப்புப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், மறுபதிப்பின்போது திருத்த உங்களுக்கு உரிமையும் அவகாசமும் தர வேண்டும்.